அப்பாவுக்கு ஹேரி செல் லுகேமியா: கிளாட்ரிபைன் போட்ட பிறகு காய்ச்சல், குழப்பம், தடிப்பு. மருந்து வேலை செய்யவில்லையா?

கரிசல்காட்டான்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் எக்கோஸ்பிரின், குளோபிடோக்ரல் என்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகள், கொழுப்பு மாத்திரை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கண்புரை ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தபோதுதான் மூன்று வகை அணுக்களுமே குறைவு என்று தெரிந்தது: ஹீமோகுளோபின் 8.2, வெள்ளை அணு 1,900 (அதில் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் 600), பிளேட்லெட் 46,000. மண்ணீரல் தொப்புள் வரை வீங்கியிருந்தது. அவரோ வயிறு மந்தமாக இருக்கிறது என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

எலும்பு மஜ்ஜையை ஊசியில் உறிஞ்சிப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. பிறகு எலும்புத் துண்டு எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஹேரி செல் லுகேமியா என்ற ரத்தப் புற்று, பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் பாசிட்டிவ். அரிதான வகைதான், ஆனால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும், ஐந்து நாள் ஊசி போதும் என்று டாக்டர் சொன்னார். அதன்படி கிளாட்ரிபைன் தோலுக்கடியில் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவது வாரத்தில் 102 காய்ச்சல். அட்மிட் செய்தபோது வெள்ளை அணு 400, பிளேட்லெட் 14,000. செஃபிபிம், அமிகாசின் என்று இரண்டு ஆன்டிபயாட்டிக், கூடவே தினமும் அணு ஏற்றும் ஊசி. கல்ச்சர் எத்தனை தடவை அனுப்பினாலும் கிருமி எதுவும் வளரவில்லை என்றுதான் வருகிறது. காய்ச்சலோ விட்டபாடில்லை. உடம்பு முழுக்கச் செந்தடிப்பு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1 இருந்தது 2.4 ஆகிவிட்டது. முந்தாநாளிலிருந்து பேச்சு குழறுகிறது, கை திடீர் திடீரென்று வெட்டி இழுக்கிறது, என்னை என் பெரியப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தலை சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. நெஞ்சு சி.டி.யில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றனவாம்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புற்று மூளைக்கு ஏறிவிட்டது என்கிறார் அத்தை. இந்த வயதில் கீமோ கொடுத்ததே தப்பு என்கிறார் மாமா. தம்பி ஆம்புலன்ஸ் வைத்து இன்றைக்கே சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்கிறான், தன் பிளேட்லெட்டையே அப்பாவுக்குக் கொடுக்கிறேன் என்று தயாராகவும் நிற்கிறான். ஐ.சி.யூ. டாக்டர் வருவார், இரண்டு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவார். மருந்து வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமா? இந்த நோயைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மலர்விழி:

தம்பி, என் மாமனாருக்கு இதே நோய், இதே மருந்து. அவருக்கு அப்போது 71. காய்ச்சல் அவருக்கும் வந்தது, அதுவும் வாரக்கணக்கில். கல்ச்சரில் கடைசிவரை ஒன்றும் வளரவில்லை. ஒரு கட்டத்தில் தினசரி ரிப்போர்ட்டைப் பார்ப்பதையே விட்டுவிடலாமா என்று இருந்தது, 300, 250, 300 என்று அதே இடத்தில் நின்றது, அப்புறம் ஐந்தாவது வாரம் வாக்கில் மளமளவென்று ஏறியது. இப்போது காலையில் பால் வாங்க அவர்தான் போகிறார். எல்லோருக்கும் அப்படியே ஆகும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அணு குறைவாக இருப்பதை மட்டும் வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த மருந்தே முதலில் எண்ணிக்கையை இன்னும் கீழே தள்ளித்தான் பிறகு விடும்.

கூட இருப்பவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களை நிறுத்துங்கள், இதில் தாட்சண்யமே பார்க்காதீர்கள். பழத்தட்டோடும் பூவோடும் வந்து கட்டிலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறவர்கள்தான் அதிகம். பல் துலக்கப் பஞ்சு மாதிரி மெதுவான பிரஷ், வாயைக் கொப்பளிக்க டாக்டர் சொன்ன மருந்து. சாப்பாடு அப்போதே சமைத்துச் சூடாக. பின்பக்கமாகக் காய்ச்சல் பார்ப்பது, மலக்குடல் வழியாக மாத்திரை வைப்பது, இடுப்பில் ஊசி எதுவும் கூடாது என்று எங்களுக்கு நர்ஸ் அம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

உங்கள் அத்தையிடம் போனைக் கொடுக்காதீர்கள்.

---

ஊர்க்குருவி:

தவறாக நினைக்க வேண்டாம் நண்பரே, 74 வயதில் கீமோ தேவையா என்பதுதான் என் கேள்வியும். மெதுவாக வளரும் நோய் என்று அவர்களே சொல்கிறார்கள், பின் எதற்கு அவசரம்? பிளேட்லெட்டுக்குப் பப்பாளி இலைச் சாறு காலை மாலை கொடுங்கள், டெங்குவில் எங்கள் வீட்டில் கண்கூடாகப் பார்த்தது. நிலவேம்பும் சேர்க்கலாம். ஆங்கில மருந்தை நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும்.

---

குருதியியல் மருத்துவன்:

நான் இந்தத் துறையில் அரசு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். நோயாளியைப் பார்க்காமல் எழுதுகிறேன், ஆகவே இதை உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர்க்குருவி சொன்னதற்கு. ஹேரி செல் லுகேமியாவில் மருந்தே தராமல் கவனித்து வருவது உண்டு, உண்மைதான். ஆனால் அது அணுக்கள் தாக்குப்பிடிக்கும் வரைக்கும்தான். நியூட்ரோஃபில் 1,000க்குக் கீழே, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே, இரத்தசோகை, வீங்கித் தொல்லை தரும் மண்ணீரல் என்று வந்துவிட்டால் சிகிச்சை தேவை. இவருக்கு நான்கும் இருந்தன. சும்மா விட்டிருந்தால் இதே காய்ச்சல் சிகிச்சை இல்லாமலே வந்திருக்கும், இந்த நோயில் இறப்புக்கு முக்கியமான வழியே தொற்றுதான். பப்பாளிச் சாறு வேண்டவே வேண்டாம். நியூட்ரோஃபில் இல்லாத ஒருவருக்குச் சமைக்காத இலையை அரைத்துக் கொடுப்பது கிருமியை ஊட்டிவிடுவதற்குச் சமம். கிரியேட்டினின் 2.4 இருக்கும்போது எந்தக் கஷாயமும் வேண்டாம்.

இந்த நோய்க்கு ஒரு காலத்தில் மண்ணீரலை எடுப்பதுதான் வழி, அப்புறம் இன்டர்ஃபெரான் வந்தது. 1990ல் கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் மருத்துவமனைக்காரர்கள் 12 பேருக்குக் கிளாட்ரிபைனை ஒரே ஒரு சுற்று கொடுத்து, அதில் 11 பேருக்கு நோய் முழுக்க அடங்கியதாக எழுதினார்கள். அதோடு ஆட்டமே மாறியது. வயதானவர்களுக்கும் மருந்து கேட்கிறது. நோயைவிட முதல் ஆறு வாரங்களைத் தாண்டுவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். சிறுநீரகம், இதயம், சர்க்கரை எல்லாம் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும், ஒரு காய்ச்சல் வந்தால் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துவிடும்.

காய்ச்சல்: கிளாட்ரிபைன் போட்டவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு வரும், பெரும்பாலும் கல்ச்சரில் ஒன்றும் வளராது. அதற்காகச் சும்மா விட முடியாது, தொற்று என்று வைத்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். இன்னொன்று, இந்த நோயில் மோனோசைட் என்ற அணு கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, அப்பாவின் பழைய ரிப்போர்ட்டிலும் பூஜ்யம் என்றுதான் இருக்கும், பாருங்கள். அதனால் டி.பி., அதன் பங்காளிக் கிருமிகள், பூஞ்சை எல்லாம் இவர்களைத் தேடி வரும். நெஞ்சில் முடிச்சு என்கிறீர்கள். சர்க்கரைக்காரர், நியூட்ரோஃபில் இல்லை, ஆன்டிபயாட்டிக்குக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. நான் என்றால் பூஞ்சையை முதலில் சந்தேகிப்பேன், டி.பி.யை அடுத்து. ரத்தத்தில் காலக்டோமன்னன் (பூஞ்சைக்கு), சளியில் சிபிநாட் (டி.பி.க்கு) அனுப்பியாயிற்றா, முடிந்தால் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பார்க்கலாமா என்று கேளுங்கள். டி.பி.க்குத் தோல் ஊசிப் பரிசோதனை இந்த நிலையில் நெகட்டிவ் என்று வந்தாலும் அதை நம்ப முடியாது. மூக்கடைப்பு, கன்னத்தில் வலி, கண் வீக்கம் எது வந்தாலும் உடனே சொல்லிவிடுங்கள், கருப்புப் பூஞ்சை காத்திருக்காது.

குழப்பம்: இதைத்தான் நீங்கள் இன்றைக்கே கேட்க வேண்டும். செஃபிபிம் சிறுநீர் வழியாக வெளியேறும் மருந்து. கிரியேட்டினின் ஏறும்போது அளவைக் குறைக்காவிட்டால் உடம்பில் தேங்கி மூளையைப் பாதிக்கும்: குழறல், ஆள் மாறாட்டம், கை வெட்டி இழுப்பது, சிலருக்கு வலிப்பு. நீங்கள் எழுதியிருப்பது கிட்டத்தட்ட அச்சு அசலாக அதுதான். சிறுநீரகம் கெட்டதற்கு அமிகாசினும் ஒரு காரணமாக இருக்கலாம். செஃபிபிம்தான் காரணம் என்றால் அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். சோடியம், சர்க்கரை பார்த்திருப்பார்கள், அதையும் ஒரு தடவை உறுதி செய்யுங்கள், மூளை அலைகளைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி. எடுத்தால் நல்லது. ஹேரி செல் மூளைக்கு ஏறுவது மிக மிக அபூர்வம்.

தடிப்பு: அலோபூரினாலும் செப்ட்ரான் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கிறார்களா என்று கேஸ் ஷீட்டைப் பாருங்கள். கிளாட்ரிபைனோடு இவை சேரும்போது தடிப்பு வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். மற்ற லுகேமியாக்களில் யூரிக் அமிலத்துக்காக அலோபூரினால் எழுதும் பழக்கத்திலேயே இதற்கும் எழுதிவிடுவார்கள், இந்த நோயில் பெரும்பாலும் அது தேவைப்படாது. ஒருவேளை தடிப்போடு வாயிலும் கண்ணிலும் புண் இருந்தால் அது வேறு கதை, உடனே காட்டுங்கள்.

எக்கோஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இன்னும் போகிறதா? 14,000 பிளேட்லெட்டில் அது ஆபத்து. ஆனால் ஸ்டென்ட் எப்போது வைத்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறும், ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள், ரத்த டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

அணு ஏற்றும் ஊசி எண்ணிக்கையைச் சற்று முன்னதாக ஏற்றும். கிளாட்ரிபைன் போட்ட எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த ஆய்வில் காய்ச்சலோ அட்மிஷனோ குறையவில்லை. ஆனால் இவர் மாதிரி ஏற்கெனவே காய்ச்சலில் கிடப்பவருக்குக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, அதற்காக டாக்டரோடு சண்டை போட வேண்டாம்.

சென்னை: ரத்த அழுத்தமும் மூச்சும் நிலையாக இல்லாத ஒருவரைச் சாலையில் பல மணி நேரம் கொண்டுபோவது எனக்கு உவப்பில்லை. ரிப்போர்ட்டுகளை அனுப்பி அங்கே ஒரு ரத்தவியல் டாக்டரை இங்குள்ள டாக்டரோடு போனில் பேச வையுங்கள். அது நடக்காது, இங்கே நுரையீரல் டாக்டரும் சிறுநீரக டாக்டரும் இல்லை என்றால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

---

ரத்த வங்கி அண்ணன்:

டாக்டர் எல்லாம் சொல்லிவிட்டார், ஒன்று மட்டும் விட்டுப்போனது. அது என் வேலை என்பதால் குறுக்கே வருகிறேன்.

கரிசல் தம்பி, உங்கள் தம்பியை பிளேட்லெட் கொடுக்க விடாதீர்கள். பாசம் எல்லாம் சரி, ஆனால் கிளாட்ரிபைன் போட்டவருக்குப் பிள்ளையோ கூடப்பிறந்தவரோ நேரடியாகக் கொடுக்கும் ரத்தம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது. காரணம் இதுதான். ரத்தப் பையில் கொடுத்தவரின் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்கள் கொஞ்சம் உயிரோடு இருக்கும். சாதாரண ஆளின் உடம்பு அவற்றை அந்நியன் என்று அடையாளம் கண்டு அழித்துவிடும். இந்த மருந்து அப்பாவின் லிம்ஃபோசைட்டுகளை முடக்கி வைத்திருக்கிறது, போதாததற்கு மகனின் அணு பாதி அப்பா மாதிரியே இருப்பதால் அடையாளமும் தெரியாது. உள்ளே தங்கிய அந்த அணுக்கள் பெருகி அப்பாவின் தோல், குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று எல்லாவற்றையும் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகவும் குறைவு.

அதனால் இவருக்கு ஏற்றும் சிவப்பணுவும் பிளேட்லெட்டும் கதிர்வீச்சு செய்ததாக இருக்க வேண்டும், நாங்கள் இர்ரேடியேட்டட் என்று சொல்வோம். வெள்ளை அணு ஃபில்டர் போட்டாயிற்றே என்று சிலர் சொல்வார்கள், ஃபில்டர் இதற்கு ஈடாகாது. அந்த மெஷின் எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது, பெரிய ஊர்களில் சில இடங்களில்தான் இருக்கிறது, ஆகவே டாக்டர் ரிக்வெஸ்ட் ஃபாரத்திலேயே எழுதிக் கொடுத்தால் முன்கூட்டி ஏற்பாடு செய்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பெரிய எழுத்தில் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் இரண்டு வருடம் கழித்து எங்கேயோ கீழே விழுந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே யாருக்கும் இது தெரியாது.

தம்பி ஆசைப்பட்டால் வங்கியின் பொது இருப்புக்குக் கொடுக்கட்டும். அது வேறு யாருக்காவது போகும், உங்களுக்கு வேறு ஒருவருடையது வரும்.

---

கரிசல்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சார், நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு தாளில் கேள்விகளாக எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐ.சி.யூ. டாக்டர் முதலில் முகம் சுளித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். செஃபிபிமை நிறுத்தி மெரோபெனம் ஆரம்பித்தார்கள், அமிகாசினும் நின்றது, அலோபூரினாலும்தான் (நீங்கள் சந்தேகப்பட்டது போலவே ஷீட்டில் இருந்தது). மூன்றாம் நாள் காலையில் அப்பா என்னைப் பார்த்து "நீ வேலைக்குப் போகவில்லையா" என்றார். கிரியேட்டினின் 1.6க்கு வந்திருக்கிறது, தடிப்பு மங்குகிறது. பிளேட்லெட் மதுரையிலிருந்து கதிர்வீச்சு செய்ததாக வந்தது, தம்பி கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறான்.

காலக்டோமன்னன் பாசிட்டிவ், சளியில் டி.பி. இல்லை. வொரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஆரம்பித்த பிறகு காய்ச்சல் 100க்குள் நிற்கிறது. நியூட்ரோஃபில் இன்னும் 300தான். இப்போது ஒரு ஜூனியர் டாக்டர், அணு ஏறாவிட்டால் இன்னொரு சுற்று கிளாட்ரிபைன் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதைக் கேட்டதிலிருந்து அழுகிறார். இன்னொரு சுற்று வருமா? பிராஃப் பாசிட்டிவ் என்றால் மாத்திரை இருக்கிறது என்று எங்கோ படித்தேன், அதை முதலிலேயே கொடுத்திருக்கக் கூடாதா?

---

குருதியியல் மருத்துவன்:

நல்ல செய்தி. அம்மாவிடம் இன்னொரு சுற்று பற்றிய பேச்சு இப்போது இல்லை என்று சொல்லுங்கள். கிளாட்ரிபைனின் பலன் மாதக்கணக்கில் மெதுவாகத் தெரியும், ஆகவே எலும்பு மஜ்ஜையைத் திரும்பப் பார்ப்பதே நான்கு மாதம் கழித்துத்தான். அதற்கு முன்னால் பார்த்துவிட்டுக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று பதறுவதில் அர்த்தமில்லை. பூஞ்சைத் தொற்று ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சுற்று போடுவது பற்றி எந்த ரத்தவியல் டாக்டரும் யோசிக்க மாட்டார்.

மாத்திரை: 2011ல் இத்தாலியின் பெருஜியாவில் தியாச்சி குழுவினர்தான் ஹேரி செல் நோயாளிகளிடம் இந்த பிராஃப் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுக்குப் பயன்படும் வெமுராஃபெனிப் இதற்கும் வேலை செய்வது அப்படித்தான் தெரிந்தது. அது எலும்பு மஜ்ஜையை கிளாட்ரிபைன் அளவுக்கு அமுக்காது, அதனால் தொற்றோடு வருகிறவர்களுக்கும், நோய் திரும்பியவர்களுக்கும் நல்ல வழி. உங்கள் அப்பாவுக்கு ஆரம்பத்தில் தொற்று இல்லை, கிளாட்ரிபைனை முதலில் கொடுத்தது வழக்கமான முறைதான். மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிறுத்திய பிறகு நோய் பெரும்பாலும் திரும்பும், ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி மருந்தைச் சேர்த்தால் பலன் நீடிக்கிறது. விலையும் அதிகம். முதியவர்களுக்கு அதிலும் தொல்லை உண்டு: மூட்டு வலி, வெயிலில் தோல் பொரிந்துபோவது, ஈ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி நீள்வது (இதயத் துடிப்பு தடுமாறலாம்), தோலில் வேறு சிறு புற்றுகள். இப்போது போகும் வொரிகோனசோலும் கியூ.டி.யை நீட்டும், அந்த மாத்திரையின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். நாளைக்கு டி.பி. என்று வந்து ரிஃபாம்பிசின் கொடுத்தால் நேர்மாறாக, மாத்திரையின் அளவைக் குறைத்துவிடும். பிறகு ஒரு நாள் இந்த வழி தேவைப்பட்டால் ரிட்டுக்ஸிமாப்புக்கு முன் மஞ்சள் காமாலை பி வைரஸ் பரிசோதனை கட்டாயம், பழைய தொற்று ஒளிந்திருந்தால் அது கிளம்பிவிடும்.

உடனே கவனிக்க வேண்டியது, அந்தக் கொழுப்பு மாத்திரை. அடோர்வாஸ்டாட்டின் என்றால் வொரிகோனசோலோடு சேரும்போது அதன் அளவு ஏறித் தசையைப் பாதிக்கலாம், அம்லோடிபின் இருந்தால் பிரஷரும் எதிர்பாராமல் இறங்கலாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வொரிகோனசோல் சிலருக்குக் கண்ணில் வெளிச்சக் கோடுகள், இல்லாத உருவங்கள் தெரியவைக்கும். மறுபடி குழப்பம் என்று பயந்துவிடாதீர்கள், ஆனால் சொல்லிவிடுங்கள்.

---

மலர்விழி:

டாக்டர், ஒரு சின்னக் கேள்வி இடையில். என் மாமனாருக்கு அணு எல்லாம் சரியான பிறகு, கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, முதுகில் அக்கி வந்து உயிரை எடுத்துவிட்டது. இதுவும் அந்த மருந்தால்தானா? கரிசல் தம்பியும் தெரிந்துகொள்ளட்டும் என்று கேட்கிறேன்.

---

குருதியியல் மருத்துவன்:

ஆமாம் மேடம், பெரும்பாலும் அதனால்தான். நியூட்ரோஃபில் சில வாரங்களில் ஏறிவிடும், ஆனால் சி.டி.4 என்ற லிம்ஃபோசைட் பழைய அளவுக்கு வர வருடக்கணக்காகும். ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கை நன்றாக இருப்பதைப் பார்த்து எல்லோரும் அசந்துவிடுவார்கள். அதனால்தான் கொஞ்ச காலத்துக்கு அசைக்ளோவிர், செப்ட்ரான் மாதிரி தடுப்பு மருந்து கொடுக்கிறோம். கரிசலின் அப்பாவுக்குத் தடிப்பு வந்ததால் செப்ட்ரானுக்குப் பதில் வேறு ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கும்.

அக்கிக்கு உயிரற்ற தடுப்பூசி இப்போது இந்தியாவில் கிடைக்கிறது, ஓரளவு தேறிய பிறகு எப்போது போடலாம் என்று அவருடைய டாக்டரைக் கேளுங்கள். உயிருள்ள தடுப்பூசி எதுவும் அவருக்குக் கூடாது. ஃப்ளூ ஊசியை அவருக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் உங்களுக்கும் கோபத்தில் இருக்கும் உங்கள் தம்பிக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், வீட்டில் இருப்பவர்களிடமிருந்துதான் அவருக்கு முதலில் ஒட்டும்.